பிளாஸ்டிக் தாள் எந்தப் பக்கம்?

பினாங்கில், பத்து மாவுங் மீன் துறைமுகத்தைச் சுற்றியும் பட்டர்வொர்த் பக்கமும் கோல்ட் ரூம் (பொருள்கள் கெடாமல் வைக்கும் குளிரறை) கட்டும் வேலையில்தான் என் காலம் போனது. வெளியே 32 டிகிரி, உள்ளே மைனஸ் 20. இரண்டுக்கும் நடுவில் நிற்பது, இரு தகடுகளுக்கிடையே ஃபோம் நிரப்பிய 100 மில்லிமீட்டர் பேனல் மட்டும்தான். கனடாவில், வின்னிபெக் நகரில் இருக்கும் என் அக்கா மகனின் கராஜ் இதை அப்படியே திருப்பிப் போட்டது. உள்ளே 8 டிகிரி வேண்டும், வெளியே மைனஸ் 20. வீட்டோடு ஒட்டாமல் கொல்லைப்புறத்தில் தனியாக நிற்கும் மரச்சட்டக் கட்டடம், ஆறு மீட்டருக்கு ஏழு மீட்டர். குளிர்காலத்தில் அதில் காரும் நிற்க வேண்டும், மரவேலையும் நடக்க வேண்டும் என்பது அவன் ஆசை. "மாமா, நீங்க காலமெல்லாம் பார்த்த வேலைதானே, கொஞ்சம் சொல்லுங்க" என்று கேட்டான். போன குளிர்காலம் முழுக்க எங்கள் பேச்சு இதுதான்.

அவனுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. இதை எழுதுவது இங்கே இருப்பவர்களுக்காக. புக்கிட் மெர்தாஜாமில் எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஸ்டோர் கொட்டகையை ஏர்கோன் போட்டு மிருதங்கம், வயலின் சொல்லிக்கொடுக்கும் அறையாக மாற்றினார். குளிர் நாட்டு வீடியோக்களைப் பார்த்து, சட்டத்துக்குள் கண்ணாடிப் பஞ்சு அடைத்து, ஈரத்தைத் தடுக்க அறையின் உள்பக்கமாகப் பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டி, ஜிப்சம் போர்டால் மூடினார்கள். வேலை சுத்தமாக இருந்தது. வருடம் திரும்புவதற்குள் அறையில் பூஞ்சை வாடை. ஒரு போர்டைக் கழற்றிப் பார்த்தோம். பிளாஸ்டிக்கின் பின்பக்கம் முழுக்கத் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. பஞ்சு கறுத்து, கனத்து, பாதிச் சுவருக்குக் கீழே சரிந்து கிடந்தது. அந்த வீடியோவில் பொய் எதுவும் இல்லை. அந்த ஊருக்கு அதுதான் சரி. நம் ஊரில் அதே தாள் சுவரின் மறுபக்கம் போயிருக்க வேண்டும்.

ஏன் என்பதற்குச் சில எண்கள் போதும். ஒரு கன மீட்டர் காற்று 30 டிகிரியில் ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம். பூஜ்யத்தில் 5 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. மைனஸ் 20-இல் 1 கிராம்கூட இல்லை. பினாங்கில் அதிகாலை 27 டிகிரி, ஈரப்பதம் 85 விழுக்காடு என்றால், நம்மைச் சுற்றியுள்ள ஒவ்வொரு கன மீட்டர் காற்றிலும் 22 கிராம் தண்ணீர் மிதக்கிறது. அந்தக் காற்று 24 டிகிரிக்குக் கீழே இருக்கும் எதைத் தொட்டாலும் அங்கே தண்ணீரை விட்டுவிடும். கோப்பிக்கடையில் ஐஸ் கோப்பி கிளாஸ் வியர்ப்பதும், 22 டிகிரி ஏர்கோன் அறையின் பிளாஸ்டிக் தாள் சுவருக்குள்ளே வியர்ப்பதும் ஒரே காரணத்தால்தான்.

வின்னிபெக்கில் இது தலைகீழ். வெளிக்காற்றில் ஈரம் கிட்டத்தட்ட இல்லை. கராஜுக்குள் 8 டிகிரியும் 60 விழுக்காடும் இருந்தால் கன மீட்டருக்கு 5 கிராம் இருக்கும். அது சுவர் வழியாக வெளியே போகப் பார்க்கும். போகிற வழியில் வெளிப்பலகையின் உள்முகம் மைனஸ் 15-இல் நிற்கிறது. ஈரம் அங்கே உறைபனியாகப் படியும், மாதக்கணக்கில் சேரும், வசந்தத்தில் உருகி மரத்தை ஊறவைக்கும். ஆகவே அங்கே பிளாஸ்டிக் தாள் உள்பக்கம், பஞ்சுக்கும் ஜிப்சம் போர்டுக்கும் நடுவில். கோல்ட் ரூமில் வெளித்தகடு அந்த வேலையைச் செய்கிறது. ஊர் எதுவானாலும் ஈரத்தடுப்பு சூடான பக்கம். நான் தொழில் பழகிய காலத்தில் எங்கள் மூத்தவர்கள் இதை விளக்கிச் சொன்னதில்லை. வெளிப்பக்கத் தகட்டில் ஒரு ஸ்க்ரூ ஓட்டை திறந்திருந்தால் மட்டும் கத்துவார்கள்.

அந்தக் கத்தலுக்கு என்ன பொருள் என்பதை ஒரு பழைய பேனலை அறுத்த அன்றுதான் கண்ணால் பார்த்தேன். மீன் வைக்கும் ஃப்ரீசர் ஒன்றை இடித்துக்கொண்டிருந்தோம். ஒரு பேனல் மட்டும் இரண்டு பேர் தூக்கியும் அசையவில்லை. வெளித்தகட்டில் யாரோ எப்போதோ வயர் மாட்ட அடித்த ஓட்டை, சிலிக்கோன் வைக்காமல் விட்டிருக்கிறார்கள். அறுத்தால், ஓட்டையைச் சுற்றி ஃபோம் முழுக்க ஐஸ் பாய்ந்து, ரம்பப் பல்லில் ஐஸ் தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. பேனலுக்குள் இருக்கும் நல்ல பி.யு. (பாலியூரித்தேன்) ஃபோமின் வெப்பக் கடத்துதிறன், மீட்டர்-கெல்வினுக்கு வாட் கணக்கில், 0.025-ஐ ஒட்டி இருக்கும். தண்ணீருக்கு 0.6. ஐஸுக்கு 2.2. அதாவது ஐஸ் பாய்ந்த இடம் ஃபோமைவிட எண்பது, தொண்ணூறு மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. பணம் கொடுத்து வாங்கிய தடிமன் முழுவதும் அந்த இடத்தில் ஒன்றுமில்லாமல் போகிறது. வெப்பக் காப்பு என்பது உண்மையில் அசையாத, உலர்ந்த காற்று அல்லது வாயு. பஞ்சும் ஃபோமும் அதைப் பிடித்து வைத்திருக்கும் கூடு. ஈரம் புகுந்தால் கூடு மட்டும் மிஞ்சும்.

இதனால்தான் அக்கா மகன் முதலில் "எத்தனை அங்குலப் பஞ்சு மாமா?" என்று கேட்டபோது, பஞ்சை விடு, முதலில் ஓட்டையைத் தேடு என்றேன். தாளின் வழியே ஊடுருவிப் போகும் ஈரத்தைவிட, இடுக்கு வழியே காற்றோடு சேர்ந்து போகும் ஈரம் பல மடங்கு அதிகம். காற்று உள்ள நாளில் விளக்கை அணைத்து, ஊதுவத்தி ஏற்றிக்கொண்டு சுவர் ஓரமாக நடக்கச் சொன்னேன். புகை எங்கே நடுங்குகிறதோ அங்கே ஓட்டை. அடிச்சட்டம் கான்கிரீட்டில் உட்காரும் கோடு, சுவிட்சுப் பெட்டிகள், கூரை விளக்குக்காகத் துளைத்த துளை, குழாய் நுழையும் இடம். அத்தனையும் நான் எதிர்பார்த்த இடங்கள்தான், ஏனென்றால் கோல்ட் ரூமிலும் அதே இடங்கள்தான்.

கராஜின் கார் கதவு மட்டும் இவ்வளவு பெரிய விஷயம் என்று அவன் நினைக்கவில்லை. அகலம் 4.9 மீட்டர், உயரம் 2.1 மீட்டர், பத்துச் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல், ஒற்றைத் தகடு. கணக்குப் போட்டுக் காட்டினேன். வெளியே சராசரியாக மைனஸ் 16, உள்ளே 10 டிகிரி என்று வைத்துக்கொண்டால், அந்தத் தகட்டுக் கதவு வழியே மட்டும் ஒன்றரைக் கிலோவாட் வெளியே ஓடுகிறது. 89 மில்லிமீட்டர் பஞ்சு அடைத்து முடித்தால், மற்ற சுவர்கள் எல்லாம் சேர்ந்து விடப்போவது அதில் பாதிகூட இல்லை. கதவின் அடியில் ஐந்து மில்லிமீட்டர் இடுக்கு இருந்தது. ஐந்து மில்லிமீட்டர் என்றால் ஒன்றுமில்லை போலத் தெரியும். 4.9 மீட்டர் நீளத்துக்கு அதைக் கூட்டினால், சுவரில் 16 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுர ஓட்டை போட்டதற்குச் சமம். எனவே சுவரைத் தொடும் முன்பே ஃபோம் நிரப்பிய கதவு, அடியில் ரப்பர் பட்டை, இரு பக்கமும் மேலும் உரசி மூடும் பட்டை. பணம் குறைவாக இருப்பவர் சுவரைப் பாதியில் நிறுத்தினாலும் சரி, கதவை விடக்கூடாது என்பது என் தீர்மானமான எண்ணம்.

ஓட்டையை எல்லாம் அடைத்துவிட்டு, பிறகு காற்றோட்டம் வை என்று சொன்னால் கேட்பவருக்குக் குழப்பமாக இருக்கும். அவனுக்கும் இருந்தது. "அடைக்கச் சொன்னதும் நீங்கதான், துளைக்கச் சொல்றதும் நீங்கதானா மாமா?" என்றான். தானாகக் கசியும் காற்று நமக்குப் பிடித்த நேரத்தில், பிடித்த இடத்தில் போகாது. சுவருக்குள் போய் உறையும். நாம் வைத்த விசிறி வழியே போகும் காற்றை நாம் நிறுத்தலாம், கூட்டலாம், குறைக்கலாம்.

விசிறி எதற்கு என்றால் பனிக்கு. சாலையிலிருந்து வரும் கார் சக்கர வளைவுகளிலும் அடியிலும் பனிச்சேற்றைச் சுமந்துகொண்டு வருகிறது. ஒரு நல்ல பனிநாளில் அது உருகிப் பத்து லிட்டர் தண்ணீராகத் தரையில் நின்றாலும் வியப்பில்லை. அந்தப் பத்து லிட்டரும் ஆவியானால் எங்கே போகும்? உள்காற்றில் கன மீட்டருக்கு ஐந்தரை கிராம், வெளிக்காற்றில் 1 கிராமுக்கும் குறைவு. மாற்றும் ஒவ்வொரு கன மீட்டரும் ஏறக்குறைய ஐந்து கிராமை வெளியே கொண்டுபோகும். பத்து லிட்டருக்கு 2000 கன மீட்டர் வேண்டும். அவன் கராஜின் கொள்ளளவு நூறு கன மீட்டருக்குச் சற்று மேல். மணிக்கு ஒரு முறை முழுக் காற்றையும் மாற்றினால் இருபது மணி நேரத்தில் தரை காயும். அந்தக் காற்றைச் சூடாக்க ஆகும் மின்சாரம் ஒரு கிலோவாட் அளவு. அதனால் விசிறியை நாள் முழுக்க ஓட விடாமல், ஈரப்பதம் பார்த்துத் தானே ஓடி நிற்கும் சுவிட்சோடு மாட்டச் சொன்னேன். தண்ணீரைத் தரையிலேயே துடைப்பானால் வெளியே தள்ளிவிட்டால் விசிறிக்கு வேலையே குறைந்துவிடும். அதற்கு எந்தக் கணக்கும் வேண்டாம்.

குளிர்காலத்தில் அங்கே வெளிக்காற்றை உள்ளே விட்டால் அறை காயும். பினாங்கில் குளிரூட்டிய அறைக்குள் வெளிக்காற்றை விட்டால் அறை நனையும். ஃப்ரீசர் கதவு சரியாக மூடாத கடைகளில் கதவு நிலையைச் சுற்றி வெண்பனி மொத்தையாக வளர்ந்திருப்பதை மீன் வாங்கப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். நம் காற்று கொண்டு வந்து கொட்டிய தண்ணீர் அது. "ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஈரம் போய்விடும்" என்ற அறிவுரை எந்த ஊருக்கு, எந்த அறைக்கு என்று கேட்காமல் பின்பற்றக் கூடாது.

சூடேற்றும் கருவி விஷயத்தில் நான் அவனிடம் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை. அவன் நண்பர் ஒருவர் சிலிண்டரில் மாட்டும் புரொபேன் ஹீட்டரை இரவல் தருவதாகச் சொன்னாராம், மலிவாம். புகைக்குழாய் இல்லாத ஹீட்டரை மூடிய கராஜில் வைக்கவே கூடாது என்றேன். 1 கிலோ புரொபேன் எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக அறைக்குள்ளேயே விழும். ஈரத்தை விரட்ட விசிறி வைத்துவிட்டு ஈரத்தைக் காய்ச்சி ஊற்றுவதில் பொருளில்லை. அது சின்னக் காரணம். பெரிய காரணம் கார்பன் மோனாக்ஸைடு. நிறமில்லை, வாடையில்லை, இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். ஓட்டைகளை அடைத்த கராஜில் இந்த ஆபத்து முன்பைவிடக் கூடுதல். கதவு திறந்திருந்தாலும் காரை உள்ளே வைத்து எஞ்சினை ஓட்டிச் சூடேற்றக் கூடாது. வெளியே எடுத்துவிட்டுத்தான். மோனாக்ஸைடு அலாரம் ஒன்று சுவரில் கட்டாயம். கடைசியில் மின்சார ஹீட்டர்தான் வாங்கினான். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். ஆகவே தீப்பொறி எழக்கூடிய எதையும் தரையில் வைக்காமல் உயரத்தில் மாட்டினான்.

அவன் அனுப்பிய படங்களில் என்னை அதிக நேரம் உட்கார்ந்து பார்க்க வைத்தது, உட்கூரைக்கும் கூரைக்கும் நடுவிலுள்ள பரணின் படம்தான். உட்கூரைக்கு மேலே தலையை நீட்டிக் கைப்பேசியால் எடுத்திருந்தான். கூரைப்பலகையைத் துளைத்து உள்ளே எட்டிப் பார்க்கும் ஓட்டு ஆணிகள் வரிசை வரிசையாக. ஒவ்வொரு முனையிலும் விரல் நுனி அளவு வெண்பனி. பலகையில் பனி இல்லை, ஆணியில் மட்டும். இரும்பு மரத்தைவிடப் பல நூறு மடங்கு வெப்பம் கடத்தும். வெளிக்குளிரை அது நேராகப் பரணுக்குள் கொண்டு வருகிறது. கீழிருந்து கசிந்த ஈரம் முதலில் அங்கேதான் உறையும். வெயில் ஏறும் நாளில் அத்தனையும் சொட்டும். வீட்டுக்காரர் கூரை ஒழுகுகிறது என்று நினைத்துக் கூரை ஓடுகளை மாற்றுவார்.

இதற்கு மருந்து இரண்டு, இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்யும். உட்கூரையில் எல்லா இடுக்கையும் அடைத்துத் தாள் விரித்து அதன் மேல் தடிமனாகப் பஞ்சு போடுவது ஒன்று. பரணை வேண்டுமென்றே குளிராக, காற்றோட்டமாக விடுவது மற்றொன்று. தாழ்வாரத்தின் அடியில் காற்று நுழையத் துளைகள், முகட்டில் வெளியேறத் துளைகள். அங்கே வழக்கத்தில் உள்ள கணக்கு, உட்கூரைப் பரப்பில் முந்நூறில் ஒரு பங்கு திறப்பு. 42 சதுர மீட்டருக்கு 0.14 சதுர மீட்டர், பாதி கீழே, பாதி மேலே. பஞ்சு தாழ்வாரத் துளையை அடைத்துவிடாமல் ஒவ்வொரு இரண்டு கைமரத்துக்கு நடுவிலும் ஒரு தடுப்பு அட்டை வைத்து, பலகைக்கும் பஞ்சுக்கும் இடையே விரற்கடைக்குமேல் இடைவெளி விட வேண்டும். அவன் கராஜில் துளைகள் இருந்தன. பழைய பஞ்சு அவற்றை முழுக்க மூடியிருந்தது. அட்டை வைத்தபின் ஆணிகளில் பனி குறைந்தது, முற்றிலும் நிற்கவில்லை. விளக்குத் துளை ஒன்று இன்னும் கசிகிறது என்று நினைக்கிறேன்.

மரவேலைக்காரர்களுக்கு இன்னொன்று. வார நாளெல்லாம் கராஜை மைனஸில் விட்டு, சனிக்கிழமை காலை ஒரேயடியாகச் சூடேற்றுவது மிச்சம் போலத் தெரியும். காற்று அரை மணியில் சூடாகிவிடும், வார்ப்பிரும்பு மேசை ஆகாது. ஈரக் காற்று வந்து குளிர்ந்த இரும்பில் படியும், உளிக்கும் ரம்பத்துக்கும் துரு பிடிக்கும். ஏர்கோன் பேரங்காடியிலிருந்து வெளியே வந்ததும் நம் மூக்குக்கண்ணாடி மூடிக்கொள்வதுதான் அங்கே இரும்பில் நடக்கிறது. குறைந்த சூடானாலும் 5, 8 டிகிரியில் நிலையாக வைத்திருப்பது கருவிக்கு நல்லது. காப்பு ஒழுங்காக இருந்தால் அதற்கான செலவும் தாங்கும். ரொம்பச் சூடாக வைப்பதும் நல்லதில்லை. சாலை உப்பு ஒட்டிய கார் சூடான ஈரத்தில் சீக்கிரம் அரிக்கும்.

இனி நம் ஊர்க் கொட்டகைகளுக்கு வருகிறேன். ஏர்கோன் இல்லாத சிங்க் தகரக் கொட்டகைக்குப் பிளாஸ்டிக் தாளைப் பற்றிய கவலையே வேண்டாம். அங்கே எதிரி தகரத்திலிருந்து இறங்கும் கதிர்வீச்சு. மதியம் 60 டிகிரிக்குக் காய்ந்த தகரம், கீழே 30 டிகிரியில் இருக்கும் நம் மேல் சதுர மீட்டருக்கு 200 வாட் அளவுக்கு வெப்பத்தைக் கொட்டும். அலுமினியத் தாளைத் தகரத்துக்குக் கீழே, குறைந்தது 25 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, மினுக்கும் முகம் கீழ்நோக்கி இருக்கும்படி கட்டுங்கள். மேல்நோக்கிய முகத்தில் தூசி படிந்தால் பயன் போய்விடும். தகரத்தோடு ஒட்டிவிட்டாலும் பயன் போய்விடும். பிறகு கீழே ஒரு திறப்பு, முகட்டில் ஒரு திறப்பு. ஜோர்ஜ்டவுன் பழைய கடைவீடுகளில் நடுவில் வானம் தெரியும் முற்றம் வைத்துச் சூடான காற்றை மேலே அனுப்பியது இதே முறையில்தான். பழைய சிமெண்டுத் தகட்டுக் கூரையாக இருந்தால் மட்டும் துளைக்கவோ அறுக்கவோ வேண்டாம். அந்தக் காலத்துத் தகடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும்.

ஏர்கோன் போடுவதாக இருந்தால் கொட்டகை கோல்ட் ரூமாகிவிட்டது என்று எண்ணிக்கொள்ளுங்கள். திறப்புகளை எல்லாம் இறுக அடைத்து, ஈரத்தடுப்பை வெளிப்பக்கம் வைத்து, உள்முகத்தை மூச்சு விட விடுங்கள். உள்சுவரில் வினைல் வால்பேப்பர் ஒட்டவே ஒட்டாதீர்கள். அதுவும் ஒரு பிளாஸ்டிக் தாள்தான், தவறான பக்கத்தில். புக்கிட் மெர்தாஜாம் நண்பருக்குச் சுவரைப் பிரித்து, வெளிப்புறம் படலம் ஒட்டிய ஃபோம் பலகை வைத்து, இணைப்புகளுக்கு டேப் ஒட்டி, உள்ளே வெறும் போர்டும் சாதாரணச் சாயமும் கொடுத்தோம். மிருதங்கத் தோலும் இப்போது நின்று பேசுகிறது என்கிறார்.

வின்னிபெக்கில் பாக்கி இருப்பது தரையின் விளிம்பு. ஃப்ரீசர் தரைக்கு அடியில் நாங்கள் சூடேற்றும் கேபிளோ காற்றுக் குழாயோ பதிப்பது வழக்கம், இல்லாவிட்டால் பினாங்கு மண்கூட உறைந்து உப்பித் தரையைப் பிளந்துவிடும். அங்கே மண் தானாகவே ஆள் உயரத்துக்கு உறைகிறது. கான்கிரீட் விளிம்பைச் சுற்றி 50 மில்லிமீட்டர் எக்ஸ்.பி.எஸ். (அடர்த்தியான பாலிஸ்டைரீன் ஃபோம்) பலகையைச் செங்குத்தாக ஒன்றும், அதிலிருந்து வெளிநோக்கிப் படுக்கையாக ஒன்றும் புதைக்கச் சொல்லியிருக்கிறேன். மண்ணுக்குள் பஞ்சு ஆகாது, தண்ணீர் குடிக்காத பலகைதான் வேண்டும். உறைந்த மண்ணை மண்வெட்டியால் வெட்ட முடியாது. ஜூன் மாதம் தோண்டுகிறான்.